செங்கல் நிறம் கலையும் மாதம்

ஆடிக் கடைசியில் கோடியக்கரைக்குக் கிளம்புகிறேன் என்றால் பறவை பார்க்கிற நண்பர்களே சிரிப்பார்கள். “இப்ப அங்க என்ன இருக்கு? கார்த்திகை பிறக்கட்டும், பூநாரை வரட்டும், சேர்ந்தே போவோம்” என்பார்கள். அவர்கள் சொல்வதில் தப்பில்லை. பெரிய சதுப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். மேற்கேயிருந்து வீசும் கச்சான் கண்ணிலும் லென்ஸிலும் புழுதியைத் தூவும். காலை ஒன்பது மணிக்கே வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டுப் பூங்குழலியைத் தேடி வருகிறவர்கள்கூட இந்த மாதத்தில் குறைவு.

ஆனாலும் வருஷா வருஷம் போகிறேன். ஒரு செங்கல் நிறத்துக்காக.

உள்ளான் என்ற பெயர் தெரியாத கரையோரத் தமிழர் இருக்க மாட்டார். பெயர் தெரிந்த அளவுக்குப் பறவையைத் தெரியாது என்பதுதான் வேடிக்கை. என் தாத்தா தலைமுறைக்கு உள்ளான் என்றால் வறுவல். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த ருசி வெளியில் சொல்லக் கூடாத நினைவாகிவிட்டது. நாவால் மட்டுமே ரசிக்கப்பட்ட ஒன்றைக் கண்ணால் ரசிக்க நாம் இன்னும் சரியாகப் பழகவில்லை. சேற்றில் ஓடும் சின்னப் பழுப்புக் குருவிகள், எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன என்று பைனாகுலரை இறக்கிவிடுகிறோம்.

நான் தேடிப் போவது அலகு நுனியில் மெல்லக் கீழே வளைந்த ஓர் உள்ளானை. ஆங்கிலத்தில் கர்லூ சேண்ட்பைப்பர். வளைமூக்கு உள்ளான் என்று வைத்துக்கொள்வோம். எடை சுமார் 60 கிராம், ஒரு கோழிமுட்டை அளவு. கார்த்திகையில் வருகிறவர்கள் பார்ப்பது இதன் சாம்பல் சட்டையை. மேலே சாம்பல், கீழே வெள்ளை, அவ்வளவுதான். ஆனால் இதன் கல்யாணச் சட்டை முகத்திலிருந்து வயிறுவரை சுட்ட செங்கல் நிறம். அந்தச் சட்டையோடு இவை குடும்பம் நடத்துவது சைபீரியாவின் வடகோடியில் உள்ள தைமிர் பக்கம். அங்கே பனி உருகி, கொசு பெருகி, மறுபடி குளிர்வதற்குள் இவை கூடு கட்டி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தாக வேண்டும். அங்குள்ள கோடை மொத்தமே இரண்டு மாதம்.

இதில் ஆண் பறவை அடை காப்பதில்லை. பெட்டை முட்டையில் உட்கார்ந்ததும் ஐயா கிளம்பிவிடுவார். ஜூலை தொடக்கத்திலேயே தெற்கு நோக்கிப் பயணம். குஞ்சுகள் தலையெடுத்ததும் பெட்டைகள் கிளம்பும். தைமிரிலிருந்து வேதாரண்யம் நேர்கோட்டில் அளந்தாலே ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. வழியில் ஏரிக்கரைகளில் இறங்கித் தின்று கொழுத்து, மத்திய ஆசியாவைக் கடந்து, ஆடி முடிவதற்குள் இந்த அப்பாக்களில் சிலர் நம் உப்பளத்தில் நிற்கிறார்கள். வடதுருவத்தில் கோடை முடிந்த சேதி தமிழ்நாட்டுக்கு இப்படித்தான் வந்து சேர்கிறது.

வந்து நிற்கும் கோலம்தான் எனக்குப் பித்து. செங்கல் சட்டை கலையத் தொடங்கியிருக்கும். ஒரு பறவைக்கு நெஞ்சு முழுக்கச் சிவப்பு, வயிற்றில் மட்டும் வெள்ளைத் திட்டு. அடுத்ததற்கு முகம் வெளுத்துவிட்டது, விலாவில் நாலு இறகு மட்டும் சிவப்பு. இன்னொன்று சுண்ணாம்பு அடிக்க ஆள் வந்து பாதியில் கூலித் தகராறில் போய்விட்ட சுவர்போல நிற்கும். முதுகில் துருவக் காற்றில் ஓரம் தேய்ந்த பழைய இறகும், நேற்று முளைத்த சாம்பல் இறகும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். கார்த்திகையில் நூறு உள்ளான்களைப் பார்த்தால் ஒன்றைப் பார்த்த மாதிரி. இந்த நாட்களில் பத்தைப் பார்த்தால் பத்தும் வேறு. ஒவ்வோர் உடம்பிலும் இரண்டு பருவங்கள் ஒரே சமயத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. எது எவ்வளவு அழிந்திருக்கிறது என்று வாசிப்பதுதான் இந்த ரசனையின் முதல் பாடம். அழகான பறவையைத் தேடுகிறவர்களுக்கு இது பிடிபடாது. பழம்புடவையின் சாயம் எங்கே வெளுத்திருக்கிறது என்று பார்த்தே அதன் வயதைச் சொல்லும் பெண்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

நான் உட்காருவது வேதாரண்யத்துக்கும் கோடியக்கரைக்கும் நடுவே, 1930 உப்பு சத்தியாகிரகத்தின் நினைவுத்தூண் நிற்கும் அகத்தியம்பள்ளிப் பக்கம். சதுப்பு காய்ந்து கிடக்கும் இந்த மாதத்தில் தண்ணீர் இருப்பது உப்பளத்தில்தான். உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி வெயிலில் காய வைக்கிறார்கள். முதல் பாத்திகளில் உவர்ப்பு மட்டு. ஈக்களின் புழுவும் பொடிப் பூச்சிகளும் மண்டும். கடைசியில் உப்பு பூக்கும் பாத்தியில் தின்ன ஒன்றும் இருக்காது. ஆகவே பறவைகள் எங்கே மேய்கின்றன என்று பார்த்தே எந்தப் பாத்தியில் நீர் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது என்று ஒருவாறு சொல்லிவிடலாம். உப்பு வாருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த சங்கதி. வெயிலுக்கு முந்த வேண்டுமென்று அவர்கள் விடியும் முன்பே டார்ச்சைத் தலையில் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். வெயிலுக்கு அஞ்சுவதில் அவர்களுக்கும் எனக்கும் ஒற்றுமை. அவர்களுடையது பிழைப்பு, என்னுடையது பொழுதுபோக்கு என்ற வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

இங்கே இன்னொரு ஜாதி உண்டு, உப்புக்கொத்தி. எவ்வளவு பொருத்தமான பெயர், எவ்வளவு பொய்யான பெயர். அது உப்பைக் கொத்துவதில்லை, உப்பங்கரையில் ஓடும் பூச்சியையும் புழுவையும் கொத்துகிறது. குட்டை அலகு, பெரிய கண். நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், கொத்தும். கண்ணை நம்பிப் பிழைக்கிற பிறவி. வளைமூக்கு உள்ளானோ விரலை நம்புகிற வைத்தியரைப்போல. அதன் அலகு நுனியில் நரம்பு முனைகள் செறிந்திருக்கின்றன. சேற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத புழுவைத் தொட்டே அறியும். அதனால் அது நின்று பார்ப்பதில்லை. வயிறு நனையும் ஆழத்தில் நடந்துகொண்டே தையல் மிஷின் ஊசிபோல அலகை இறக்கி ஏற்றும். கூடவே திரியும் கொசு உள்ளான் அரைமுட்டை எடைகூட இருக்காது. அதற்கு எதிலும் அவசரம், சேற்றின் மேலேயே பொறுக்கிக்கொண்டு ஓடும். நிறத்தை மறந்துவிட்டு நடையை மட்டும் பார்த்தாலே, எதிர்வெயிலில் கறுப்பு நிழலாகத் தெரியும்போதுகூட, இன்னது இன்னது என்று பிரித்துவிடலாம். ராகத்தின் பெயரை அறிவிப்பதற்கு முன் பிடியிலேயே கண்டுபிடித்துவிடுகிற சந்தோஷம் அதில் இருக்கிறது.

இனி காமிரா. முதல் இரண்டு வருஷம் நான் எடுத்ததெல்லாம் பறந்து போகும் உள்ளான்களின் பின்புறம். வரப்பில் நடந்துபோய் எடுக்கலாம் என்று நினைத்த முட்டாள்தனம். நான் ஒரு அடி வைத்தால் அவை பத்தடி தள்ளும், கடைசியில் கூட்டமாக எழும்பிவிடும். ஏழாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து இழந்த கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் ஜீவனை என் படத்துக்காக மறுபடி பறக்க வைக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரு நாள் வரப்பில் உப்பு வாரும் பலகையோடு நின்றிருந்த பெரியவர் கேட்டார்: “என்னா தம்பி, தெனம் தெனம் அதுவள வெரட்டிக்கிட்டே இருக்கீங்க? ஒரு எடத்துல குந்துங்க. அதுவ வரும்.”

குந்தினேன். இருட்டிலேயே போய் வரப்பு முனையில் சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டால் போதும். நீரோரமாக மேய்ந்துகொண்டே கூட்டம் தானாக நகர்ந்து வரும். நாம் மண்ணோடு மண்ணாகக் கிடந்தால் பதினைந்தடிக்குள்கூட வந்து, லென்ஸ் கிட்டத்தில் குவிய மறுக்கும் சங்கடமும் நேர்ந்திருக்கிறது. படுத்து எடுப்பதில் இன்னொரு லாபம்: நின்று எடுத்தால் பறவைக்குப் பின்னால் சேறு, அதன் கண்மட்டத்துக்கு இறங்கினால் பின்னால் தூரத்து வெளிச்சம்.

எட்டு மணிக்கு மேல் கடையைக் கட்டிவிட வேண்டும். பாத்தி சூடேறி, மேலே காற்று நெளியத் தொடங்கும். கானல். அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸில் ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் பறவையின் கண் பால்கோவாபோலக் கலங்கித் தெரியும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாலும் அதைத் தீர்க்க முடியாது. விலை கூடக் கூடக் கானலைத்தான் துல்லியமாகக் காட்டும். அடுத்த வில்லன் உப்பு. பின்னால் வெள்ளைக் குவியல் வந்துவிட்டால் காமிரா மிரண்டு எல்லாவற்றையும் இருட்டடித்துவிடும், ஒரு ஸ்டாப் கூட்டி வைக்க வேண்டும். ஆனால் நேர்வெயிலில் அப்படிக் கூட்டினால் முதல் பலி அந்தச் செங்கல் நிறம்தான், வெளிறிய ஆரஞ்சாகிவிடும். சூரியன் எழுந்து முதல் அரைமணி, அதுவும் கிழக்கே லேசான மேகம் இருந்தால், அந்த நிறம் நிறமாகவே விழும். ஒரு பருவத்தில் அப்படி மூன்று காலை வாய்த்தால் அதிகம்.

மா. கிருஷ்ணனை நினைக்காமல் இந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றி எழுதிவந்த மனிதர், கறுப்பு வெள்ளைப் படங்களின் ஆசான். பல காமிராக்களின் உறுப்புகளைக் கோத்துத் தானே ஒரு பூதத்தைச் செய்துகொண்டு அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். அவர் படங்களில் விலங்கைச் சுற்றி அது வாழும் காடும் இருக்கும். இன்று நாம் பறவையின் கண்ணிமைவரை நெருங்கிவிட்டோம், பின்னால் ஒரே மழமழப்பு. அந்தப் பறவை கோடியக்கரையில் நின்றதா, கோயம்பேட்டில் நின்றதா என்று படம் சொல்லாது. நானும் ரொம்ப நாள் உப்புக் குவியலும் தொழிலாளர் கால்களும் படத்துக்குள் வராமல் ஒதுக்கிக்கொண்டிருந்தவன்தான். இப்போது எனக்குப் பிடித்த படத்தில், பாதி வெளுத்த ஒரு வளைமூக்கின் பின்னால், கலங்கலாக, வாரிக் குவித்த உப்பும் ஒரு பலகையின் நுனியும் இருக்கின்றன.

இந்தப் பறவை 2024-இல் உலகச் சிவப்புப் பட்டியலில் ஒரு படி மேலேறி, அழியும் ஆபத்துக்குள்ளான இனங்களில் சேர்ந்துவிட்டது. கோடியக்கரைக்கு வரும் கூட்டமும் முன்புபோல இல்லை. அதனால் ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகக் காலில் வண்ணக் கொடி கட்டிவிட்ட பறவை சிக்கினால், கலை கிலையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, கொடியின் எழுத்து தெரிய ஒரு படம் எடுத்துவிடுவேன்.

ஆவணிக் கடைசியில் இரண்டாவது தடவை போவேன். அப்போது வருவது குஞ்சுகள். அம்மா அப்பா துணையில்லாமல், பார்த்தே இராத தேசத்துக்கு, தாமாகவே வந்து சேரும் இந்த வருஷப் பிள்ளைகள். நெஞ்சில் லேசான சந்தனப் பூச்சு, முதுகில் ஒவ்வோர் இறகுக்கும் வெளிர்க்கரை, மீன்செதில் அடுக்கினாற்போல. எல்லா இறகும் ஒரே வயது என்பதால் பள்ளி திறந்த முதல் நாள் யூனிஃபார்ம்போல மடிப்புக் கலையாமல் இருக்கும். பக்கத்தில் கந்தலாக நிற்கும் பெரியவர்களோடு சேர்த்து ஒரே படத்தில் பிடிப்பது என் ஆசை.

சில வருஷம் இந்தப் பிள்ளைகள் நிறைய வரும், சில வருஷம் வராது. காரணம் ஓர் எலி. துருவத்தில் லெம்மிங் என்ற எலியினம் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை பெருகி, பிறகு சட்டென்று குறையும். எலி பெருகிய வருஷம் நரிக்கு அதுவே போதும். எலி இல்லாத வருஷம் நரி உள்ளான் கூடுகளைத் தேடிப் போகும். இதை அந்தப் பெரியவரிடம் ஒரு டீ நேரத்தில் சொல்லியிருந்தேன். தலையாட்டிக் கேட்டார், நம்பினாரா என்று தெரியவில்லை.

போன ஆவணியில் ஒரு பாத்தியில் நாற்பத்தேழு வளைமூக்குகளை எண்ணினேன். செதில் முதுகு மூன்றே மூன்று. திரும்பி வரும்போது வரப்பில் அவர் நின்றிருந்தார்.

“இந்த வருஷம் குஞ்சு கம்மிங்க ஐயா.”

பலகையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “அங்க எலி செத்துப்போச்சா?” என்றார்.