பாக்ஸ்டரின் ‘சீர்திருந்திய மேய்ப்பர்’: ஒரு மதிப்பீடு

ஆயர் திருப்பணி குறித்து இறையியல் மாணவர்க்கு இன்றும் பரிந்துரைக்கப்பெறும் நூல்களுள் ஒன்று, ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656-இல் வெளியிட்ட ‘சீர்திருந்திய மேய்ப்பர்’. தலைப்பிலுள்ள முதற்சொல்லை ஒரு சபைப்பிரிவின் பெயராகக் கொள்வோர் உளர், அது பொருந்தாது. ஊழியத்தில் புத்துயிர் பெற்ற மேய்ப்பரையே ஆசிரியர் கருதினார். இங்கிலாந்தின் வூஸ்டர் வட்டாரக் குருமார் 1655 டிசம்பர் 4-ஆம் நாள் தங்களைத் தாழ்த்தி ஜெபிக்கக் கூடியபோது அவர் ஆற்றவிருந்த அருளுரை, நோயினால் தடைப்பட்டுப் பின்னர் நூலாக விரிந்தது. ஆதார வசனம் அப். 20:28. நம் காலத்தில் பெரிதும் வாசிக்கப்பெறுவது வில்லியம் பிரவுன் 1829-இல் சுருக்கிய பதிப்பாகும்.

நூலின் சிறப்பு யாது? எபேசு மூப்பரைப் பவுல் முதலில் தங்களைக் குறித்தும், பின்னரே மந்தையைக் குறித்தும் எச்சரிக்கையாயிருக்கச் சொன்னார். அவ்வரிசையைப் பாக்ஸ்டர் மாற்றவில்லை. பிறருக்கு அறிவிக்கும் கிருபை தன் உள்ளத்தில் செயல்படாத போதகரை முதலதிகாரத்திலேயே நிறுத்தி விசாரிக்கிறார். குருமாரின் பெருமையையும் அசதியையும் மக்கள் வாசிக்கும் ஆங்கிலத்தில் எழுதுவது தகுமோ, லத்தீனில் எழுதலாகாதோ என்னும் ஆட்சேபத்தையும் அவர் எதிர்பார்த்தார். அவர் தரும் விடை சுவையானது: குருமார் லத்தீனில் மட்டும் பாவஞ்செய்திருந்தால் தாமும் லத்தீனிலேயே கடிந்துகொண்டிருப்பாராம்! ஊழியரின் குற்றம் வெளிப்பட்டால் சபைக்கு இழுக்கு என்று அதை மூடிவைக்கும் மனப்பான்மைக்கு இதனினும் நேரிய மறுப்பை நாம் கண்டிலோம்.

அவர் கூறியது வெறும் அறிவுரையன்று. கிடர்மின்ஸ்டரில் 800-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அடங்கிய திருச்சபையில், திங்களும் செவ்வாயும் காலை முதல் ஏறக்குறைய இரவு வரை, வாரத்திற்கு 15 அல்லது 16 குடும்பங்களைத் தனித்தனியே சந்தித்து, வினாவிடை போதித்து, ஓராண்டில் அனைவரையும் காண அவர் திட்டமிட்டார். அக்காலத்தில் அவர் மணமாகாதவர். 1662-இல்தான் மணம் புரிந்தார். பல கிராமச் சபைகள் அடங்கிய சேகரத்தை ஒருவராய்ப் பேணும் நம் குருவானவரிடம் இக்கணக்கைக் காட்டி அவரைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று. எனினும் ஞாயிறு அருளுரையோடு பொறுப்பு முடிந்ததெனக் கருதலாகாது என்னும் அவர் வாதம் அதனால் தளர்வதில்லை.

இனி, நாம் குறையெனக் காண்பது. மேய்ப்பர் மந்தையைக் கண்டித்து நடத்தும் முறை நூலில் விரிவாக உள்ளது. மந்தை மேய்ப்பரிடம் கணக்குக் கேட்கும் வழியோ அத்துணை விரிவாக இல்லை. ஒரு வசனத்தை மையமாகக் கொண்டவர், அது அமைந்த உரையின் போக்கைப் போதிய அளவு பின்தொடராமையே இதற்குக் காரணம் என்பது நம் கருத்து. மிலேத்துவில் பவுல் தம் நடக்கையைக் கேட்போர் அறிவர் என்றே தொடங்குகிறார் (வச. 18). எவருடைய பொன்னையும் வெள்ளியையும் ஆடையையும் தாம் இச்சிக்கவில்லை என்கிறார் (33). தம் கைகள் உழைத்ததற்கும் அவர்களையே சாட்சிகளாக்குகிறார் (34). அவர்கள் மூப்பரன்றோ, மந்தையல்லவே எனலாம். உண்மையே. ஆயினும் அவர்கள் பவுலின் போதனையால் வளர்ந்தவர்கள்; அவருக்கு மேற்பட்டவர்களல்லர். எருசலேம் பரிசுத்தவான்களுக்கான காணிக்கையைத் தாம் ஒருவராய்க் கையாளாமல், சபைகள் தெரிந்துகொண்ட சகோதரரை உடன் அனுப்ப ஏற்பாடு செய்தவரும் அவரே, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதையே நாடினார் (2 கொரி. 8:19–21).

கண்காணிகளை ஏற்படுத்தியவர் ஆவியானவரே என்று உரைத்த அதே நாவு, பணத்தைக் குறித்து மனிதர் முன் பேசக் கூசவில்லை. ‘எம்மை நியமித்தவர் ஆண்டவர், அவருக்கே கணக்கொப்புவிப்போம்’ என்று சொல்லிச் சேகரக் கமிட்டியின் கேள்வியைத் தட்டிக்கழிப்போர் 28-ஆம் வசனத்திலேயே நின்றுவிடுகின்றனர். பாக்ஸ்டர் அவர்களுக்குத் துணைநிற்க எண்ணியவரல்லர். ஆனால் அவர் நூலைத் தனித்து வாசிப்போர் அவ்விடத்தில் நிற்க இடமுண்டு. ஆகையால் இதனைப் பாடமாக வைக்கும் ஆசிரியர்கள், அப். 20:17–38 முழுவதையும் 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தையும் உடன் வைத்துக் கற்பித்தல் நலம்.