பழைய உரைதொகுப்பிகளும் ‘இலகு’ என்னும் சொல்லும்

கணினியில் எழுதுவதற்கும் எழுதியதைத் திருத்துவதற்கும் உதவும் செயலிகளை உரைதொகுப்பிகள் என வழங்குகின்றோம். அவற்றுள் 1969இல் தோன்றிய ‘எட்’, 1976இல் தோன்றிய ‘வீஐ’, ‘ஈமாக்ஸ்’ என்னும் மூன்றும் அரை நூற்றாண்டு கடந்தும் வழக்கொழியவில்லை. இவை பாவனைக்கு இலகுவானவையோ என்னும் வாதமும் ஏறக்குறைய அவ்வளவு பழமையானதே. ஆயினும் வாதிடுவோர் ‘இலகு’ என்னுஞ் சொல்லை ஒரே பொருளில் ஆள்வதாகத் தெரியவில்லை. ஒரு சாரார் கற்கும் எளிமையைக் கருதுகின்றனர். மறு சாரார் கற்றபின் கைவரும் விரைவைக் கருதுகின்றனர். பாவிப்போனைப் பிழையினின்றுங் காத்தல் என மூன்றாவது பொருளொன்றும் உண்டு. வழக்கின் உயிர்நிலை அங்கேயே உள்ளதென்பது எமது துணிபு.

முதற்கண் பழையவற்றின் சார்பிற் சொல்லத்தக்கதைச் சொல்லிவிடுதல் முறையாகும். கென் தொம்சன் பெல் ஆய்வுகூடத்தில் ‘எட்’ என்பதை ஆக்கியபோது அவர் முன்னிருந்தது திரையன்று. தாளில் அச்சிடும் ரெலிரைப் என்னுந் தொலை அச்சுப்பொறியாகும். அக்காலத்துப் பெரிதும் வழங்கிய 33ஆம் மாதிரிப் பொறி விநாடிக்குப் பத்தெழுத்துக்களே அச்சிடும். அதன்முன் அமர்ந்திருப்பவன் நீண்ட விளக்கங்களை விரும்பான். ஆதலின் கட்டளைகள் ஓரெழுத்தாயின. பிழை நேர்ந்தவிடத்து வினாக்குறியொன்றே விடையாக வந்தது. இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றும் அம்மௌனம் அன்று ஒருவகை உபசாரமே.

எனினும் அக்காலத்தவர் யாவரும் அதில் நிறைவெய்தினர் என்பது பொருந்தாது. இலண்டன் குவீன் மேரி கல்லூரியில் ஜோர்ஜ் கூலூரிஸ் என்பார் ‘எட்’ என்பதைத் திருத்தி ‘எம்’ என்னும் தொகுப்பியை ஆக்கினார். அப்பெயரின் விரிவு ‘மானிடர்க்கான தொகுப்பி’ என்பதாம். எள்ளல் கலந்த பெயராயினும் நல்லதொரு விமரிசனம் அது. கூலூரிஸ் 1976இல் அதனைக் கலிபோர்னியாவிலுள்ள பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுசென்றார். அங்கே மாணவராயிருந்த பில் ஜோய் அதன் வழியிற் சென்று, ஈற்றில் ‘வீஐ’யை ஆக்கினார்.

ஜோய் தமது வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக, விநாடிக்கு முப்பதெழுத்து வரும் வேகத்தில் வேலை செய்தவர். 24 வரியும் வரிக்கு 80 எழுத்துமுடைய திரையொன்றை முழுவதும் நிரப்ப அவ்வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேற் செல்லும். அவர் பாவித்த ‘ஏடிஎம் 3ஏ’ முனையத்தில் எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின்மீது அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசையும் விரலுக்கு அண்மையில், இன்று ராப் விசை உள்ள இடத்தில் இருந்தது. இன்றைய விசைப்பலகையில் எஸ்கேப் மூலைக்குத் தள்ளப்பட்டுவிட்டது. அம்புக்குறிகளும் அவ்வெழுத்துக்களின்மேல் இல்லை. ஆகவே ‘வீஐ’யின் கொடுமைகள் எனப்படுவனவற்றுட் சில உண்மையிற் பின்வந்த விசைப்பலகைகள் இழைத்தவை.

1981இல் உளவியற் பேராசிரியர் டொனால்ட் நோர்மன் ‘டேட்டாமேஷன்’ இதழில் யூனிக்ஸ் முழுவதையுமே கடிந்தெழுதினார். பெயர்கள் விளங்காதன என்றும், பொறி எதனையும் சொல்லாது இருந்துவிடுகின்றது என்றும் அவர் குறைகூறினார். முதற்குறை வலுவற்றது, எத்தொழிலுக்கும் அதற்கெனக் குழூஉக்குறி உண்டு, அதனைச் சில நாட்களிற் கற்றுக்கொள்ளலாம். இரண்டாவதே பெரிது.

அக்குறையின் வேரைச் சரியாகக் கண்டவர் செரொக்ஸ் பாக் ஆய்வுகூடத்து லறி ரெஸ்லர். ஒரே விசை ஒரு நிலையில் எழுத்தாகவும் மற்றொரு நிலையிற் கட்டளையாகவும் இயங்கல் ஆகாதென்பது அவரது கொள்கை. அங்கு முன்னர் எழுந்த ‘பிறாவோ’ என்னும் தொகுப்பியைப் பற்றிப் பேர்போன கதையொன்றுண்டு. ‘எடிற்’ என்னும் ஆங்கிலச் சொல்லை எழுத எண்ணி ஒருவர் கட்டளை நிலையில் அதன் நான்கெழுத்தையும் தட்டினால், ‘ஈ’ உரை முழுவதையும் தெரிவுசெய்யும். ‘டி’ அதனை அழிக்கும். ‘ஐ’ எழுத்து நிலைக்கு மாற்றும். எஞ்சிய ‘ரீ’ மாத்திரம் வெற்றுத் திரையில் நிற்கும். இங்கு தவறியவன் கல்லாதவன் அல்லன். கட்டளைகளை நன்கறிந்தவனுக்கும் இது நேரும். ஆதலின் ‘கற்றுக்கொண்டால் எல்லாம் சரியாகும்’ என்னும் வழமையான விடை இக்குற்றச்சாட்டைத் தொடுவதேயில்லை. பல்லாண்டு பழகியவரும் எஸ்கேப் விசையை இருமுறை மும்முறை தட்டிப் பார்ப்பதைக் காணலாம். தாம் எந்நிலையில் நிற்கின்றோம் என்பதில் அவர்க்கே ஐயம்! 1991இல் பிறாம் மூலனார் வெளியிட்ட ‘விம்’ நிலையின் பெயரைத் திரையின் அடியிற் காட்டுகின்றது. எழுதுபவனின் கவனமோ எழுதும் வரியில் இருக்கும். இத்தகைய அறிவிப்புக்கள் போதா என்று ஜெவ் ரஸ்கின் 2000ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் வாதிட்டமை இதுபற்றியே.

‘வீஐ’யின் அழகையும் மறைத்தல் நேர்மையன்று. ‘டி’ அழித்தலைக் குறிக்கும் வினை. ‘டபிள்யூ’ சொல்லைக் குறிக்கும் பெயர். நடுவே மூன்று என்னும் எண்ணை இட்டால் மூன்று சொற்கள் அழியும். சில வினைகளையும் சில பெயர்களையும் புணர்த்து நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஆக்கிக்கொள்ளலாம். இலக்கணம் பயின்றார்க்கு இது இன்பந்தரும். ஆனால் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னுமாக நிற்பதால், எது அழியப்போகின்றது என்பது அழிந்தபின்னரே கண்ணுக்குப் புலனாகும். ரெஸ்லரும் ரிம் மொற்றும் 1975ஆம் ஆண்டளவில் ஆக்கிய ‘ஜிப்சி’யிலோ பொருளைத் தெரிவுசெய்தபின்னரே வினை வரும்; தமிழ்த் தொடரின் அமைப்பும் அதுவே.

தமிழில் எழுதுவோர்க்கு நிலைமாற்றம் இரட்டைச் சுமையாகின்றது. தமிழ் 99 விசைப்பலகையில் ‘டி’ விசை ‘உ’கரத்தைத் தரும், ‘வீஐ’க்கு உகரம் எக்கட்டளையும் அன்று. இலங்கையில் வழங்கும் றெங்கநாதன் விசைப்பலகைக்கும் இவ்விடர் பொதுவாகும். எழுத்து நிலையிலிருந்து கட்டளை நிலைக்குச் செல்லுந்தோறும் மொழியையும் மாற்றவேண்டும். மீளும்போது மீண்டும் மாற்றவேண்டும். விசைமாற்றத்தை எழுத்து நிலைக்கு மாத்திரம் வரையறுக்கும் ஏற்பாடு ‘விம்’மில் உண்டு, ஆனால் அதனைத் தேடி அமைத்துக்கொள்வது பாவிப்பவனின் பொறுப்பு. ரிச்சர்ட் ஸ்டோல்மன் முதலானோர் ஆக்கிய ‘ஈமாக்ஸ்’ விரல்களை வருத்துவதெனப் பழிக்கப்படுவது. அப்பழி பொய்யன்று. எனினும் அங்கே தட்டிய எழுத்து எழுத்தாகவே விழும். கட்டளைகள் கொன்றோல் முதலிய விசைகளோடு சேர்ந்தே வரும். தமிழ் உள்ளீட்டு முறைகளும் அதனுள்ளேயே உள. ஒரு பக்கத் தமிழ் உரைநடையை இரண்டிலும் எழுதித் திருத்திப் பார்க்கும் மாணவன், விரல் நோவோடேனும், ஈமாக்ஸில் எழுதிய பக்கத்தையே முதலில் முடிப்பான்.