குளோரியா படங்களும் ஆற்றுப்படுத்தும் கல்வியும்

ஆற்றுப்படுத்தும் பணியைக் கற்கும் மாணவர் நூலகத்திற்குச் செல்லுமுன் இணையத்திற்குச் செல்லும் காலம் இது. உளச் சிகிச்சையாளர்கள் தம்மை நாடி வருவோருடன் அமர்ந்து உரையாடும் காட்சிகளும், அவற்றிற்கான விளக்கவுரைகளும், சான்றிதழ் வழங்கும் வகுப்புகளும் அங்கே மலிந்து கிடக்கின்றன. அமெரிக்காவில் விக்டர் யாலம் என்னும் உளவியலர் 1995-இல் தொடங்கிய ‘சைக்கோதெரபி டாட் நெட்’ போன்ற நிறுவனங்கள் கட்டணம் பெற்று இவற்றை ஒழுங்காக வழங்குகின்றன. யூடியூபிலோ கட்டணமும் இல்லை, ஒழுங்கும் இல்லை. நம் இறையியல் கல்லூரிகளிலும் ஆயர்பணித் துறை ஆசிரியர் சிலர் இக்காட்சிகளை வகுப்பில் காட்டத் தொடங்கியுள்ளனர். ஒரு நூலை மாணவர் கையில் கொடுக்குமுன் நாம் படித்துப் பார்க்கிறோம். படத்திற்கு மட்டும் அந்த ஆய்வு வேண்டாம் என்று எண்ணுவதற்குக் காரணம் ஏதும் இல்லை. எல்லாவற்றையும் இங்கே ஆராய இயலாது. பின்வந்த பலவற்றிற்கு முன்மாதிரியாக நிற்கும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எவரெட் ஷாஸ்ட்ரம் என்பவர் 1964-இல் கலிபோர்னியாவில் எடுத்து 1965-இல் வெளியிட்ட ‘உளச் சிகிச்சையில் மூன்று அணுகுமுறைகள்’ என்னும் படத்தொகுதியே அது. ‘குளோரியா படங்கள்’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். முப்பது வயதை ஒட்டிய, மணவிலக்குப் பெற்ற குளோரியா என்னும் பெண் அக்காலத்துப் பெயர்பெற்ற மூவரை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கிறார். முதலில் கார்ல் ராஜர்ஸ். அடுத்து கெஸ்டால்ட் முறையின் ஃபிரிட்ஸ் பெர்ல்ஸ். மூன்றாவதாகப் பகுத்தறிவைக் கொண்டு உணர்வைத் திருத்த முயலும் ஆல்பர்ட் எல்லிஸ். மூவரும் தத்தம் முறையை முதலில் விளக்குகின்றனர், பின் உரையாடுகின்றனர், பின் தாம் செய்ததைத் தாமே மதிப்பிடுகின்றனர். இறுதியில் குளோரியா தம் கருத்தைச் சொல்கிறார். பாடத்திட்டத்திற்கு இதைவிட வசதியான அமைப்பைக் கற்பனை செய்ய முடியாது. அமெரிக்கக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக மாணவர் இதைப் பார்த்து வளர்ந்ததில் வியப்பில்லை.

படத்தின் உயிர் ராஜர்ஸ் பகுதியில் உள்ளது. குளோரியாவிடம் அவருடைய ஒன்பது வயது மகள் ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: தந்தையைப் பிரிந்தபின் அம்மாவுக்கு வேறு ஆண்களுடன் உறவு இருந்ததா? அம்மா இல்லை என்று பொய் சொல்லிவிட்டார். அந்தப் பொய் உறுத்துகிறது. உண்மையைச் சொன்னால் மகள் கெட்டுப்போவாளா, சொல்லாவிட்டால் அவளுடைய நம்பிக்கை கெடுமா என்பதே அவர் கொண்டுவரும் கேள்வி. விடை தருமாறு ராஜர்ஸிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறார். ராஜர்ஸ் தருவதில்லை. ஆனால் ஒதுங்கி நிற்பதும் இல்லை. குளோரியாவின் ஒவ்வொரு தயக்கத்தின் பின்னும் நடந்து செல்கிறார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில், பிறரிடம் அனுமதி தேடிக்கொண்டிருந்த பெண் தம் உள்ளத்தின் குரலைக் கேட்கத் தொடங்குவதை நாம் காண்கிறோம். இறுதியில், ராஜர்ஸ் தமக்குத் தந்தையாக இருந்திருக்கலாகாதா என்னும் பொருள்படப் பேசுகிறார். அவரும் அன்பு கனிந்த ஒரு விடை தருகிறார். அது சிகிச்சையா, சிகிச்சையின் எல்லையைக் கடந்ததா என்பது அறிஞரிடையே நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. விவிலியம் படித்தவர்கள் நாம். ஒருவரை மகளாக ஏற்றுப் பேசும் சொல்லின் வலிமை நமக்குத் தெரியாததன்று. ராஜர்ஸும் 1924-இல் நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்து இரண்டாண்டுகள் பயின்று, பின் உளவியலுக்குச் சென்றவர்.

எல்லிஸ் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவர் நிறையப் பேசுகிறார். நாடி வந்தவருக்குப் பேச இடமில்லை. நம் ஆயர் பலர் பேசும் விதம் இதுவே ஆகையால், மாணவருக்கு இப்பகுதி அந்நியமாகத் தோன்றாது.

பெர்ல்ஸ் பகுதியே சிக்கலானது. அச்சமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குளோரியா சிரிக்கிறார். பெர்ல்ஸ் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொள்கிறார். அச்சமுள்ளவர் சிரிப்பதேன் என்கிறார். நீர் நடிக்கிறீர் என்கிறார். குளோரியா சினந்து பதில் கொடுக்கிறார். காட்சி என்ற அளவில் விறுவிறுப்பானது. தூங்கும் மாணவரும் எழுந்து உட்காருவர். படத்தின் முடிவில் குளோரியாவே, இப்போது சிகிச்சை தொடங்குவதாயின் பெர்ல்ஸைத் தேர்ந்துகொள்வேன் என்னும் கருத்தைச் சொல்கிறார். பார்க்கும் மாணவர் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள, படம் முடிந்துவிடுகிறது.

வாழ்க்கை முடியவில்லை. பின்னர் ராஜர்ஸ் நடத்திய கூட்டம் ஒன்றில் இப்படம் காட்டப்பட்டபோது குளோரியாவும் அங்கிருந்தார். அந்த மனிதர் சொன்னதையெல்லாம் நான் ஏன் செய்தேன் என்று அவர் சினத்துடன் கேட்டதாக ராஜர்ஸ் 1984-இல் எழுதிய குறிப்பில் பதிவு செய்துள்ளார். குளோரியா தாமே விவரித்த வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. படப்பிடிப்பு முடிந்தபின் பெர்ல்ஸ் அவரைக் கையைக் குவித்து நீட்டச் சைகை காட்டினார், அவரும் நீட்டினார், அந்தக் கையில் பெர்ல்ஸ் தம் சிகரெட்டின் சாம்பலைத் தட்டினார். படத்தில் இது இல்லை. ஆனால் பெர்ல்ஸுக்கும் குளோரியாவுக்கும் இடையே நடந்தது என்ன என்பதை, படம் முழுவதையும்விட இந்தச் சாம்பல் தெளிவாகச் சொல்கிறது. ஓர் ஆற்றுப்படுத்துநரின் திறமையைக் காட்சியில் காணலாம். நாடி வந்தவருக்கு அவரால் என்ன நேர்ந்தது என்பது காட்சியில் அகப்படுவதில்லை. அதற்கு மாதங்களும் ஆண்டுகளும் தேவை. சான்றிதழ் வகுப்புகளில் நாற்பது நிமிடக் காட்சியைப் பார்த்து வினாக்களுக்கு விடையளிக்கும் மாணவர் முறையின் பெயரைக் கற்கிறார். முறையின் கனியை அவர் காண்பதில்லை.

எனினும் என் முதன்மையான தடை இதுவன்று. குளோரியா யார்? ஷாஸ்ட்ரமின் சிகிச்சையில் இருந்தவர். தம்மை நம்பி வந்தவரையே ஷாஸ்ட்ரம் படமாக்கினார். தம் உள்ளத்தைத் திறந்து காட்டிய ஒருவரிடம் சிகிச்சையாளர் அனுமதி கேட்கும்போது, மறுப்பதற்கு அவருக்கு எவ்வளவு உரிமை மீதியிருக்கும்? சபையாரிடம் ஆயர் ஒரு காரியத்தைக் கேட்டால் எத்தனை பேர் முடியாது என்பர் என்று எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். கல்விக்கென எடுக்கப்பட்ட படம் பிறகு தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. இன்று இணையத்தில் கைப்பேசி வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம். கீழே கேலி எழுதலாம். குளோரியா 1979-இல் இரத்தப் புற்றுநோயால் இறந்துவிட்டார். இணையம் என்ற ஒன்று வருமென்று அறியாத காலத்தில் அவர் கொடுத்த இசைவு, இதற்கும் சேர்த்துக் கொடுத்த இசைவாகுமா?

அவர் அந்த அறைக்குள் கொண்டுவந்த கேள்வியை மறுபடி நினைவுகூர வேண்டும். மகளிடம் இதைச் சொல்லலாமா, கூடாதா? ராஜர்ஸ் அந்த முடிவைக் குளோரியாவின் உரிமையாகக் கருதி, தாம் அதில் கை வைக்க மறுத்தார். கேமரா அந்த முடிவை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. உலகத்துக்கே சொல்லப்பட்டுவிட்ட ஒன்றை மகளுக்குச் சொல்வதா என்று யோசிப்பதில் பொருளில்லை. ராஜர்ஸின் உரையாடல் காட்டிய மதிப்பை, அவ்வுரையாடலைப் பதிவு செய்த படமே மீறிற்று. அந்த மகள் வளர்ந்து, இப்படங்களுடன் வாழ்ந்த வாழ்வைக் குறித்து 2008-இல் ஒரு நூல் எழுதினார். படத்தைக் காட்டும் வகுப்புகளில் அந்நூலையும் உடன் வைத்தால் நலமாயிருக்கும்.

இதனால் பதிவே கூடாது என்று வாதிடுவதாக யாரும் கொள்ள வேண்டாம். 1940-இல் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற ராஜர்ஸும் அவருடைய மாணவர் பெர்னார்ட் காவ்னரும் இசைத்தட்டுகளில் உரையாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது ஒரு பெரிய திரை விலகியது. அதுவரை சிகிச்சையாளர் தம் நினைவிலிருந்து சொன்னதையே பிறர் நம்ப வேண்டியிருந்தது. 1942-இல் ராஜர்ஸ் வெளியிட்ட நூலில் ஒருவருடன் நடந்த எட்டு உரையாடல்களும் சொல்லுக்குச் சொல் அச்சாயின. அந்நூலில் அம்மனிதருக்கு மாற்றுப் பெயர் இடப்பட்டது. முகம் இல்லை, குரல் இல்லை. கல்விக்கு வேண்டியது கிடைத்தது. மனிதர் மறைந்து நின்றார்.

நம் துறையில் இதைவிட எளிய ஒரு முறை முன்னரே உண்டு. உளநோயால் தாமே மருத்துவமனையில் கிடந்து மீண்ட ஆன்டன் பாய்சன், 1925-இல் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் இறையியல் மாணவரை அழைத்து, நூல்களைப் படிப்பதுபோல் துன்புறும் மனிதரையும் படிக்கக் கற்பித்தார். அவர் வழியில் வந்த ரசல் டிக்ஸ், நோயாளியைச் சந்தித்து வந்த மாணவர் அவ்வுரையாடலை உடனே நினைவிலிருந்து எழுதும் வழக்கத்தைப் பரப்பினார். மருத்துவர் ரிச்சர்ட் கேபட்டுடன் சேர்ந்து 1936-இல் நூலும் எழுதினார். ‘வெர்பேட்டிம்’ என்று நாம் வழங்குவது இதுவே. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஆயர் எவரும் அதன் வேதனையை அறிவர். அதில் வேறொருவரின் திறமையைப் பார்த்து மகிழ இடமில்லை. நோயாளி மரணத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தபோது நான் ஏன் ஜெபத்திற்குத் தாவினேன் என்று சக மாணவர் முன் விடை சொல்ல வேண்டும். காட்சியைப் பார்ப்பவர் பெர்ல்ஸைத் தீர்ப்பிடுகிறார். வெர்பேட்டிம் எழுதுபவர் தம்மையே தீர்ப்பின்கீழ் வைக்கிறார். பழைய ஆற்றுப்படைகளில் வழி சொல்பவன் அவ்வழியே தான் நடந்து வந்தவன் என்பதையும் இங்கே நினைக்கலாம்.

இணையத்திலும் இதற்கு இடமுண்டு. நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்து மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003-இல் கல்லீரல் நோய்ச் சிகிச்சைக்காகத் தொடங்கிய ‘எக்கோ’ முறையில், தொலைவிலுள்ள மருத்துவர் தம்மிடம் வந்த நோயாளியின் நிலையைப் பெயர் சொல்லாது திரையில் எடுத்துரைக்கிறார். வல்லுநரும் மற்றவர்களும் அதை ஆராய்கின்றனர். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இம்முறையை மனநலப் பயிற்சிக்குக் கையாண்டு வருகிறது. 2018-இல் அதற்கென ஓர் இணையக் கழகமும் தொடங்கிற்று. பார்ப்பவர் அனைவரும் வேலை செய்பவர். தம் சொந்த வேலையைக் கொண்டுவருபவர். நம் திருமண்டலங்கள் சிற்றூர்களில் தனித்துப் பணிபுரியும் ஆயர்களுக்கு இத்தகைய ஒன்றை அமைத்தால் செலவு அதிகமாகாது.

மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017, சிகிச்சை பெறுவோரின் இரகசியத்தைக் காப்பதை உரிமையாகவே வகுத்துள்ளது. ஆயரின் அறைக்கு அச்சட்டம் எட்டுமா என்பது வழக்கறிஞர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஆயர் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. தம்மிடம் அழுதவரின் கதையை, ஊரையும் பெயரையும் மட்டும் மாற்றி, மூன்றாம் வாரப் பிரசங்கத்தில் உதாரணமாகச் சொல்லும் வழக்கம் நம்மிடையே புதிதன்று. முன்பு அது ஆலயச் சுவர்களுக்குள் நின்றது. அப்போதும் பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்தது. இப்போது ஆராதனை நேரலையாகச் செல்கிறது. துபாயில் வேலை செய்யும் மகள் வெள்ளிக்கிழமை இரவு அதைக் கேட்கிறாள். குளோரியாவுக்குச் செய்யப்பட்டதைக் கண்டு வருந்தும் நாம், நம் ஒலிபெருக்கியைப் பற்றியும் கொஞ்சம் விசாரிக்கலாம்.

என் வகுப்பில் இப்படத்தை இப்போது நான் காட்டுவதில்லை. ராஜர்ஸ் பகுதியின் உரையாடலை மட்டும் தமிழாக்கி, பெயரை மாற்றி, தட்டச்சில் கொடுக்கிறேன். தாய் மூன்றாம் முறை விடை கேட்கும் இடத்தில் தாள் முடிகிறது. அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். பெரும்பாலோர் அறிவுரை எழுதுகின்றனர். சிலர் வசனம் எழுதுகின்றனர். பிள்ளையிடம் உண்மையே பேச வேண்டும் என்று பத்துக் கற்பனைகளைத் துணைக்கு அழைப்போரும் உண்டு. சென்ற பருவத்தில் ஒரு மாணவி மட்டும், ‘மகள் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது, அம்மா?’ என்று ஒரே வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரியைப் பற்றியே மீதி நேரம் முழுவதும் பேசினோம். வகுப்பு முடிந்ததும் தட்டச்சுத் தாள்களை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.