சோழமண்டலத்து வெளியிடைச் சிற்பங்கள்

கோயிற் கருவறையுள் நிற்கும் மூலவருக்கு முகமே போதும். காண்போர் நிற்குமிடம் ஒன்று. விளக்கொளி வரும் திசையும் ஒன்று. சுவரிற் புடைத்தெழுந்த உருவுக்கும் இது பொருந்தும. அவ்வாறாய உருவை மணலும் மரமும் வெயிலும் சூழ்ந்த வெளியிலே கொணர்ந்து நிறுத்தின் நிலைமை மாறிவிடுகின்றது. காலையில் ஒளிர்ந்த பக்கம் மாலையில் இருளும். காண்பவர் சுற்றி வருவர். ஆதலின், வெளிக்கெனவே சமைக்கப்பட்ட சிற்பம் யாது, உள்ளிருந்து வெளியே எடுத்து வைக்கப்பட்ட சிற்பம் யாது என்னும் வினாவை முதற்கண் எழுப்புதல் வேண்டும்.

தமிழ்நாட்டிலே இவ்வினாவை ஆராய்தற்குரிய இடம் சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமமாகும். சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தம் மாணாக்கருடன் 1966ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். பற்றிக் துணி முதலிய கைவினைப் பொருள்களை விற்ற பணத்தினால் அக்கலைஞர் கடலோரத்து மணல் நிலத்தை வாங்கினர். பிறர் கையை எதிர்பாராது கலைஞர் தாமே ஊர் சமைத்த இச்செய்தி, அங்குள்ள எந்தச் சிற்பத்துக்கும் குறையாத பெருமையுடையது. அங்கே மரநிழலிற் கருங்கல்லும் உலோகமும் வெளியில் நிற்கின்றன.

சென்னைச் சிற்பிகளுக்குப் புகழ் தேடித் தந்தது உலோக வேலையே. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்துப் புடைக்கச் செய்து, அதன்மேற் கம்பிகளைக் கோடுகளாக ஓடவிட்டார். பணிக்கரின் மைந்தர் எஸ். நந்தகோபால் (1946–2017) செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் பறவையும் கொடியும் தெய்வமும் பின்னிய நெடிய உருவங்களை ஆக்கினார். இவை முன்னின்று நோக்குதற்குரியன. இறைவன் திருமேனிக்குச் சாத்தும் கவசத்தின் சாயல் இவற்றில் உண்டு. மேனாட்டார் வழியைப் பின்பற்றாது தம் மண்ணிலேயே மூலங் கண்டமை பாராட்டற்பாலது. ஆயினும் கவசத்துக்கு உள்ளே திருமேனி உண்டு. அடித்துப் புடைத்த தகட்டுக்கு மறுபுறம் குழிவேயன்றி வேறில்லை. சுவரருகே அது குறையாகத் தோன்றாது. வெளியிலோ, பின்னே வந்து நிற்பவனுக்குச் சிற்பம் முடிந்துவிடுகின்றது. கடற்காற்றிற் செம்பிலேறும் களிம்பு நிறத்துக்கு அழகு சேர்க்கலாம். வடிவத்தின் குறையை நிரப்ப அதனால் இயலாது.

ஊரின் பெயரோ சோழமண்டலம். சோழர் காலத்துச் செப்புத்திருமேனியை வலம்வந்து நோக்கியவர் அதன் பின்னழகை மறவார். ஆடையும் மாலையும் மறைக்குமென அறிந்தும், சடையையும் முதுகின் வளைவையும் அச்சிற்பி முகத்துக்குக் காட்டிய அதே கவனத்தோடு முடித்தான். பொலனறுவையிற் கிடைத்துக் கொழும்பு நூதனசாலையிலுள்ள திருமேனிகளும் இதற்குச் சான்று பகரும். பெயரைச் சோழரிடம் பெற்றவர் முதுகையும் அவரிடமே பெற்றிருக்கலாம்.

மாமல்லபுரத்துப் பெரும்பாறை சுவர்ச் சிற்பமேயெனினும், பாறையின் இயற்கைப் பிளவையே ஆறாக்கிக்கொண்டமையால் வெளிக்கு உரியதாயிற்று. இக்காலத்தில் அவ்வகை வெற்றியைச் சாந்திநிகேதனத்திற் காணலாம். ராம்கிங்கர் பைஜ் 1938இற் சீமெந்தையும் செம்பரற் கற்களையும் குழைத்துச் சமைத்த சந்தால் குடும்பம் நடந்துசெல்கின்றது. எப்பக்கம் நின்று நோக்கினும் அந்நடை ஓய்வதில்லை. அந்நிலத்தின் மண்ணே அதன் மேனி.

சோழமண்டலத்தில் உலோகத்தினும் கருங்கல்லே வெளியிற் பொருந்தி நிற்கின்றது. முகமில்லா அருவ வடிவுக்கு முதுகும் இல்லை. எப்பக்கமும் அதற்கு முன்பக்கமே. சந்தையில் மலிவாக விலைபோகாத இக்கற்களே அக்கடற்கரைக்குச் சொந்தமானவை எனத் துணிந்து கூறலாம்.

இதே வங்கக் கடல் அலை மோதும் கல்முனைக் கரைக்கும் இம்முடிபு பயன்படும். (ஊர்ப்பெயரிலேயே கல் நிற்கின்றது.) மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு எனத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் இக்கரையை 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோள் ஒருசேர அழித்தது. அத்துயரை நினைந்து கரையிலே கல்லொன்று நாட்ட விழைவோர், மனித உருவைச் சமைப்பின் அயலூரவரிற் பலர் மனத்துக்கு அஃது ஒவ்வாது. உருவைத் தவிர்த்து எழுத்திலும் கோலத்திலும் அழகு கண்ட மரபு முஸ்லிம்களுடையது. மருதமுனைத் தறியில் நூல் கோடாக ஓடுவதை இருசாராரும் அறிவர். அருவக் கருங்கல் ஈண்டு வந்தேறிய புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. தெற்கே பொத்துவில் முகுது மகா விகாரையின் மணல்மேடுகளிடையே பழைய கற்படிமங்கள் உப்புக்காற்றில் நிற்கின்றன. செப்புத்தகடு அவ்வாறு நிற்குமோ என்பது ஐயம். எஞ்சுவது அடித்தளம் ஒன்றே. இளகும் மணலிற் பாரக்கல் சாயாதிருக்க எத்துணை ஆழம் தோண்டவேண்டும் என்பதைச் சிற்பியினும் இக்கரையிற் கிணறு வெட்டுவோர் நன்கறிவர். அவரை முதலிற் கேட்டல் தகும்.