காவலூர் வானமும் கணினித் திரையும்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலை ஏறுவோருக்குக் காவலூர் புதிய பெயரன்று. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ள அவ்வூரில், 1968-ஆம் ஆண்டு 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றுடன் வானாய்வு தொடங்கிற்று. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டது. 1977 மார்ச்சில் யுரேனசைச் சூழ்ந்த வளையங்களின் தடயத்தைக் கண்டவர்களுள் காவலூர் ஆய்வாளரும் இருந்தனர். 1986 ஜனவரி 6 அன்று 2.34 மீட்டர் தொலைநோக்கி திறந்து வைக்கப்பட்டபோது, 1982-இல் மறைந்த வைணு பாப்புவின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது.

அத்தகைய கருவி நம் இல்லங்களுக்கு வாய்க்கப் போவதில்லை. ஆயினும், விலையின்றிக் கிடைக்கும் சில மென்பொருள்களும் இணையதளங்களும் அந்த மலையின் வானத்தை நம் வீட்டு மேசைக்கே கொண்டுவந்து விடுகின்றன. பிறை பார்க்கவும், பிள்ளைகளுக்கு விண்மீன் காட்டவும் விரும்பும் குடும்பங்களுக்கு அவை எந்த அளவு துணை நிற்கும் என்பதைச் சற்றே எடைபோட்டுப் பார்க்கலாம் எனக் கருதுகின்றோம்.

முதலில் நிற்பது ஸ்டெல்லேரியம். பிரெஞ்சு நாட்டவரான ஃபாபியன் ஷெரோ 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய இம்மென்பொருளைக் கணினியில் எவரும் காசு கொடாமல் நிறுவிக்கொள்ளலாம். வடக்கே 12 பாகை 34 கலை, கிழக்கே 78 பாகை 50 கலை என்று கொடுத்தால் காவலூரின் வானம் திரையில் விரியும். காலத்தை முன்னும் பின்னும் நகர்த்தி, வேண்டிய நாளின் அந்தி வானத்தைக் காணலாம். இதன் கணக்கில் நாம் குறை காணவில்லை. குறை வேறிடத்தில் உள்ளது.

பல ஆண்டுகளாக இதனுடன் இயல்பாகவே வந்த நிலக்காட்சி, கெரான் என்னும் பிரெஞ்சுச் சிற்றூரின் பசும்புல் வெளி. ஜவ்வாது மலையில் நிற்பவனுக்கு அந்த வெளி ஏது? ஒரு முறை இருபத்தொன்பதாம் நாள் மாலை, பிறை பார்க்கும் ஆவலில் மலைமேல் குடும்பத்துடன் தங்கியிருந்தோம். மஃக்ரிபு நேரத்தில் பிறை அடிவானுக்கு மேல் ஆறு பாகை உயரத்தில் நிற்பதாகத் திரை காட்டிற்று. மேற்கே நோக்கினால், அந்த ஆறு பாகையையும் ஒரு மலைமுகடு விழுங்கி நின்றது! கண் வலிக்கப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. சிறிது நேரத்தில் கீழே ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. பிறை கண்டாயிற்றாம். மலை ஏறியதால் வானம் நெருங்கும் என்று எண்ணியது நம் பேதைமையே, மென்பொருளின் பிழையன்று. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றிலும் படமெடுத்து, அதையே தொடுவானமாக அமைத்துக்கொள்ள ஸ்டெல்லேரியத்தில் வழியுண்டு என்பதைப் பின்னரே அறிந்தோம். வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அதுவே.

இன்னொரு மயக்கமும் உண்டு. கதிரவனுக்கு மிக அருகில் நிலா இருக்கும் நாளிலும் திரை அதை வரைந்து காட்டிவிடும். கண் அவ்வாறு காணாது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஏழு பாகை விலகல் இல்லையெனில் பிறைக்கீற்றே தோன்றாது என்பது டான்ஜான் என்னும் வானியலார் கண்ட எல்லை. நாளொன்றுக்கு நிலா கதிரவனை விட்டு விலகுவது ஏறத்தாழ 12 பாகைதான். ஆகவே திரையில் கண்ட பிறையைக் கண்ணால் கண்ட பிறையாக எவரும் கொள்ளலாகாது.

இவ்விடத்தில் உதவுவது முகம்மது ஔதா என்பாரின் அக்யுரேட் டைம்ஸ். பழைய பாணித் தோற்றம், அழகு குறைவு. ஆனால் எந்த நிலப்பகுதியில் வெறுங்கண்ணுக்குப் பிறை தெரியும், எங்கே தொலைநோக்கி வேண்டும், எங்கே தெரியவே தெரியாது என்று உலகப் படத்தில் பிரித்துக் காட்டுகிறது. தொழுகை நேரமும் கிப்லாவும் கூடவே கிடைக்கும். ஔதா வகுத்த அளவுகோல், 737 பிறைப் பதிவுகளை ஆராய்ந்து எழுந்தது. அவற்றுள் பல, 1998-இல் தொடங்கிய பன்னாட்டுப் பிறைநோக்குத் திட்டத்திற்கு அன்பர்கள் அனுப்பியவை. பிறை கண்டவர் மட்டுமன்றி, காணாதவரும் அத்திட்டத்தின் இணையதளத்தில் தம் செய்தியைப் பதியலாம். மலைமுகட்டில் ஏமாந்த நம் போன்றோருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு!

விண்மீன் பெயர்களுக்கு வருவோம். ஸ்டெல்லேரியத்தில் பல நாகரிகங்களின் வானங்கள் உள. அவற்றுள் ஒன்று, 903 முதல் 986 வரை வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்-சூஃபியின் நூலை ஒட்டிய அரபு வானம். ஆந்திரமேதா மண்டலத்தைச் ‘சிறு முகில்’ எனக் குறித்தவர் அவர். தை மாத முன்னிரவில், நிலவற்ற மலைவானில் அம்முகிலை வெறுங்கண்ணாலேயே காணலாம். ஆனால் பொதுவாக நம் பிள்ளைகள் ‘ஆல்டெபரான்’ என்று படிப்பது ஆங்கில எழுத்துக்கூட்டலின் வழி வந்த சிதைவு. அது அரபியில் அத்-தபரான், அதாவது பின்தொடர்வது. எதைப் பின்தொடர்கிறது? கார்த்திகையை. நம் தமிழ் வரிசையிலோ அதே விண்மீன் ரோகிணி. அதுவும் கார்த்திகைக்கு அடுத்ததே. ‘ஆல்டேர்’ என்பது பறக்கும் கழுகாகிய அந்-நஸ்ருத் தாயிர், தமிழில் திருவோணம். இவ்விணைப்பை எந்த மென்பொருளும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை. அரபியும் தமிழும் ஒருசேர அறிந்த இல்லங்களில், பிள்ளைகளே ஒரு குறிப்பேட்டில் மூன்று பெயர்களையும் அருகருகே எழுதி வைக்கலாம். இரண்டு மாலைப் பொழுதுகள் போதும்.

செயற்கைக்கோள் அளவீட்டைக் கொண்டு இரவொளியைக் காட்டும் லைட் பொல்யூஷன் மேப் என்னும் தளத்தை மலைக்குப் புறப்படுமுன் ஒரு தடவை பார்த்தால் போதும். சமவெளி நகரங்கள் ஒளிர, நடுவே மலை இருண்டு கிடப்பது கண்கூடு.

கடைசியாக ஒன்று. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் நடத்தும் சிறுகோள் தரவுத்தளத்தில் 4130 என்ற எண்ணை இட்டுப் பாருங்கள். ராமானுஜன் என்ற சிறுகோளின் சுற்றுப்பாதை வரும். கண்ட நாள் 1988 பிப்ரவரி 17, கண்டவர் ராஜமோகன், கண்ட இடம் காவலூர்.