லயனல் வெண்ட் அரங்கும் நாட்டுக்கூத்தும்

நாடகத்தை ஆராய்வோர் கதையையும் பாட்டையும் நடிப்பையும் நுணுகி நோக்குவர். அரங்கையோ கூத்தரைத் தாங்கும் வெறும் இடமெனக் கருதி விட்டுவிடுவர். பண்டைத் தமிழர் அவ்வாறு கருதினாரல்லர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள், மாதவியின் ஆடலை விரித்துரைக்குமுன் அவள் ஆடிய அரங்கினை அளந்து காட்டுகின்றார். இருபத்துநான்கு விரல் கொண்ட கோலால் ஏழுகோல் அகலம், எட்டுக்கோல் நீளம், ஒருகோல் உயரம், தூணின் நிழல் புறத்தே படுமாறு நிறுத்திய விளக்கு, மூவகை எழினி. அரங்கின் அமைதியே ஆடலின் அமைதியை வகுக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வுண்மைக்கு நம் நாட்டில் தக்க சான்றாவது கொழும்பு, கறுவாத்தோட்டத்திலுள்ள லயனல் வெண்ட் அரங்கு. 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வெண்ட், சட்டம் பயின்றவராயினும் பியானோ இசையாலும் ஒளிப்படக் கலையாலும் புகழெய்தினார்; ஓவியர்களின் '43 ஆம் ஆண்டுக் குழு' தோன்றுதற்கும் துணைநின்றார். அவர் வாழ்ந்த இல்லம் இருந்த நிலத்திலே, அவர் நினைவாக எழுந்த இவ்வரங்கு 1953 இல் திறக்கப்பெற்றது. ஓவியக் காட்சிக்கூடமும் உடையது. மேலைநாட்டு முறையிலமைந்த இதன் மேடை படச்சட்ட மேடையாகும். பார்வையாளர் ஒருபுறத்தே இருளில் அமர்ந்திருப்ப, சட்டத்துள் அடங்கிய படம்போல நாடகம் நிகழும்.

1956 நவம்பர் 3 ஆந் திகதி சரச்சந்திராவின் 'மனமே' இம்மேடையில் முதன்முதல் ஆடப்பெற்றது. தமிழ்க் கூத்தோடு உறவுடையதென ஆராய்ச்சியாளர் கூறும் சிங்கள நாடகம என்னும் நாட்டார் கலை, ஆங்கிலங் கற்றாரது அவையிலே அன்று மதிப்புப் பெற்றது. தமிழிலும் அத்தகைய முயற்சி தோன்றிற்று. பேராதனையிலே பேராசிரியர் வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்' என்னும் வடமோடிக் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். விடியும்வரை நிகழ்ந்த கூத்து ஓரிரு மணித்தியாலத்துள் அடங்கிற்று. கற்றோர் இகழ்ந்த கலை கற்றோராற் போற்றப்பட்டது. இப்பேற்றைக் குறைத்துரைத்தல் நன்றியன்று.

எனினும், இழந்தது யாது? மட்டக்களப்பு வட்டக்களரியிலே அண்ணாவியாரும் மத்தளமும் தாளமும் நடுவணதாக, அவற்றைச் சூழ ஆடுவோர் வட்டமிடுவர். அவரைச் சூழ நாற்புறமும் ஊரார் இருப்பர். ஆட்டக் கோலங்கள் யாவும் இவ்வட்டத்தினின்று பிறந்தனவே. படச்சட்ட மேடையிலே அண்ணாவியார் ஓரத்திற்கு ஒதுக்கப்படுகின்றார். கூத்தின் நெஞ்சு இடம்பெயர்கின்றது. மாற்றமின்றி மேடையேற்றினாலும் குறையே. அவ்வாறு ஏற்றப்பட்ட கூத்தொன்றை யாம் கண்டகாலை, பாதிநேரம் ஆடுவோரின் முதுகையே கண்டிருந்தோம். எதிரேயிருந்த மாணவர் நகைத்தனர். பிழை கூத்தருடையதன்று, பொருந்தா அரங்கினது.

அற்றேல், படச்சட்ட மேடை அயலாரது, அதனை விலக்குக என்பார் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. என்னை? எழினி தொங்கவிட்டு ஒருமுகமாக ஆடும் அரங்கு இளங்கோவடிகள் அறிந்ததே. வேத்தியல், பொதுவியல் என இருவகைக் கூத்தையும் நம் முன்னோர் வேறுபடுத்திப் போற்றினர். ஒன்றன் அளவுகோலால் மற்றதனை அளந்தாரல்லர்.

இன்றைய திறனாய்விற் காணும் குறை இதுவே. மண்டபத்து நாடகத்தைக் கண்டு பழகிய கண்ணால் களரிக் கூத்தை நோக்கி, நீண்டது, கூறியது கூறுவது, செப்பமற்றது என்கின்றோம். விடியும்வரை விழித்திருக்கும் ஊருக்கு நீட்சி குறையாகாது. நாற்புறத்தாரும் கேட்டற்பொருட்டு மீட்டும் பாடுதல் வழுவாகாது.

ஆதலின், லயனல் வெண்ட் போன்ற அரங்குகள் நகர்தோறும் எழுக. அவற்றிற்கேற்ற புதுக்கூத்துக்களும் தோன்றுக. அவற்றோடு, பாடசாலைதோறும் மண்டபங் கட்ட முனைவோர், வட்டக்களரிக்கெனத் திறந்த நிலமொன்றையும் விட்டுவைப்பாராக. அந்நிலமும் இல்லையாயின், நம் மாணாக்கர் கூத்தின் ஒருபுறத்தையே கண்டு, அதுவே கூத்தென்று எண்ணி அமைவர்.