காலணி முதலாளியும் காலி மனைகளும்

செல்வர் ஒருவர் ஆட்சிக் கட்டில் ஏறினால் யாருக்காக ஆள்வார்? தம் வகுப்பாருக்காகவே ஆள்வார் என்பது உலகம் கண்ட பாடம். அந்தப் பாடத்தைப் பொய்யாக்கியவர்கள் ஒரு சிலரே. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மேயராக விளங்கிய ஹேசன் பிங்கிரி அந்தச் சிலருள் ஒருவர். அவரது பொதுவாழ்வை ஆராய்ந்து மெல்வின் ஹோலி என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய 'டெட்ராய்டில் சீர்திருத்தம்' என்ற நூல் 1969-இல் வெளிவந்தது. அந்நூல் காட்டும் பிங்கிரியை எடைபோடுவோம்.

1840-இல் மெயின் மாநிலத்துச் சிற்றூரில் பிறந்தவர் பிங்கிரி. இளமையிலேயே ஆலையில் உழைத்தார். காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டினார். உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்து, 1864-இல் சிறைப்பட்டு, ஆண்டர்சன்வில் என்னும் கொடுஞ்சிறையில் வாடினார். போர் முடிந்ததும் டெட்ராய்ட் வந்து, 1866-இல் கூட்டாளி ஒருவருடன் காலணித் தொழிற்சாலை தொடங்கினார். தோல் வெட்டிய கை, நூற்றுக்கணக்கான தொழிலாளருக்குக் கூலி கொடுக்கும் கையாயிற்று.

1889-இல் அவரை மேயர் பதவிக்கு நிறுத்தியவர்கள் குடியரசுக் கட்சியின் பெருஞ்செல்வர்கள். வணிகர், நம்மவர், வரியை ஏற்றமாட்டார் என்று நம்பினர். நம்பியவர் ஏமாந்தனர், நம்பாதவர் வாழ்ந்தனர்!

ஹோலியின் நூலில் சிறந்த பகுதி, சீர்திருத்தத்தை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டும் இடம். ஒன்று, நிர்வாகத்தைச் சிக்கனமாக்குவது, கையூட்டை ஒழிப்பது, கணக்கைச் சீராக்குவது. மற்றொன்று, ஏழையின் வாழ்க்கைச் சுமையைக் குறைப்பது. முன்னதோடு நின்றவர் பலர். பின்னதற்கும் வந்தவர் பிங்கிரி. கையூட்டு வாங்கிய கல்விக்குழு உறுப்பினர்களை, 1894-இல் கூட்டத்திற்கே காவலரோடு சென்று பிடித்துக் கொடுத்தவர்தாம் அவர். ஆயினும், திருடனைப் பிடிப்பதோடு கடமை தீர்ந்தது என்று அவர் எண்ணவில்லை. கையூட்டு வாங்குபவன் கண்ணில் படுகிறான். கொடுப்பவன் எங்கே இருக்கிறான்? நகரத் தெருக்களையே ஏகபோகமாக்கிக் கொண்ட டிராம் கம்பெனியிலும் எரிவாயுக் கம்பெனியிலும் இருக்கிறான் என்று கண்டார். 1891-இல் டிராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது படையை அழைக்க மறுத்தார். டிராமில் மூன்று சென்ட் கட்டணம் வேண்டுமென்று போராடினார். தெருவிளக்குகளுக்காக 1895-இல் நகராட்சியே மின்நிலையம் இயக்கும்படி செய்தார்.

1893-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. ஆலைகள் மூடின, அடுப்புகள் அணைந்தன. நகரைச் சுற்றிலுமோ, விலை ஏறட்டும் என்று காத்திருந்த காலி மனைகள் களை மண்டிக் கிடந்தன. உழைக்கும் கை ஒருபுறம் சும்மா இருக்க, விளையும் மண் மறுபுறம் சும்மா கிடப்பதா? மனைகளைக் கேட்டு வாங்கி, உருளைக்கிழங்கு பயிரிட ஏழைகளுக்குப் பிரித்தளித்தார். பத்திரிகைகள் எள்ளி நகையாடின. தேவாலயங்களில் திரண்ட காணிக்கையோ அற்பம். பிங்கிரி தம் குதிரையையே ஏலத்திற்கு விட்டார். 1894-இல் 430 ஏக்கரில் 945 குடும்பங்கள் பயிரிட்டன. செலவைவிட விளைவு பன்மடங்காயிற்று. நகைத்தவர் வாய் அடைத்தது. பிற நகரங்களும் பின்பற்றின.

இங்கேதான் நாம் ஒரு வினா எழுப்ப வேண்டும். அந்த நிலம் யாருடையது? இரவல் நிலம்! பஞ்ச காலத்தில் ஏழைக்குக் கிடைத்தது பயிரிட அனுமதியேயன்றி உரிமை அன்று. விலை ஏறக் காத்திருந்தவரின் உடைமைக்கு ஊறு எதுவும் நேரவில்லை. ஏழை சோம்பேறி அல்லன் என்பதை அந்தக் கிழங்குகள் மெய்ப்பித்தன. ஆனால் அவன் ஏன் ஏழையானான் என்ற கேள்வியை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டன.

இரண்டாம் குறை, எல்லாம் ஒருவரைச் சுற்றியே நின்றது. 1896-இல் மிச்சிகன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது மேயர் பதவியையும் விடாமல் வைத்துக்கொள்ள முயன்றார். ஒருவர் இரு பதவி வகித்தல் ஆகாது என்று மாநில உச்சநீதிமன்றம் தடுத்தது. தாம் விலகினால் கட்டியது சரியும் என்று அஞ்சினார் போலும். அந்த அச்சம் அவர் பணியின் பெருமையைக் காட்டவில்லை. அதன் அடித்தளம் மெலிந்திருந்ததையே காட்டுகிறது. 1901-இல் இலண்டனில் அவர் மறைந்தார். டெட்ராய்டின் டிராம் வண்டிகள் முழுவதும் நகராட்சிக்கு உடைமையானது 1922-இல்தான்!

1904-இல் அந்நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர். மக்கள் போற்றி வணங்கும் உருவம் என்ற பொருளில் பீடத்தில் அவரைப் புகழ்ந்து பொறித்தனர். நன்றி உணர்வு நல்லதே. அவர் அதற்குத் தகுந்தவரே. ஆனால், வணங்கும் கை வரவு செலவைக் கேட்பதில்லை. தம் வகுப்பைக் கடந்து வந்த நல்லவர் ஒருவர் கிடைப்பது மக்களின் நற்பேறு. நல்லவர் கிடைக்காத காலத்திலும் நிலமும் ஒளியும் ஊர்தியும் ஏழைக்குக் கிடைக்கச் செய்வது சட்டம். பிங்கிரி தந்தது நற்பேறு; அது சட்டமாக நிலைக்காத இடத்தில்தான் அவர் வரலாறு நமக்குப் பாடமாகிறது.